உணவு வண்டிக்கும் மதிப்பெண்

உணவு வண்டி நேற்று வந்த நாகரிகம் அல்ல. 1872ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு வைத்து, இரவு வேலை செய்பவர்களுக்கு விற்றார். பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ உணவான டாக்கோ விற்கும் வண்டிகள் பெருகின. 2008இல் தொடங்கிய கோகி என்ற வண்டி, தான் நிற்கும் இடத்தை ட்விட்டரில் அறிவித்துக் கூட்டம் சேர்த்தது.

வண்டி நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. வண்டிக்குள் சுத்தம் எப்படி என்பது தெரிந்ததா?

உணவகங்களுக்கு இந்தக் கேள்வி 1997இலேயே எழுந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சி ஒன்று ரகசிய கேமரா மூலம் உணவகச் சமையலறைகளின் அவலத்தை ஒளிபரப்பியது. மக்கள் கொதித்தனர். அதற்கு முன்பும் சுகாதார ஆய்வுகள் நடந்துதான் வந்தன. ஆனால் அவற்றின் முடிவை எந்த உணவகமும் வாசலில் ஒட்ட வேண்டியதில்லை. 1998 முதல் அந்த மாவட்ட நிர்வாகம் இதை மாற்றியது. நூற்றுக்கு 90க்கு மேல் என்றால் 'ஏ', 80க்கு மேல் 'பி', 70க்கு மேல் 'சி' என்று எழுதிய அட்டையை வாசலிலேயே மாட்ட வேண்டும். மாணவர்களுக்கு ரேங்க் கார்டு போல!

ஆனால் உணவு வண்டிகள் இந்த முறைக்கு வெளியே இருந்தன. ஓரிடத்தில் நில்லாத வண்டியை அதிகாரிகள் தேடிப் பிடித்துச் சோதிப்பது எளிதல்ல. கடைசியில் 2010இல்தான் வண்டிகளுக்கும் எழுத்து அட்டை தரும் முடிவு எடுக்கப்பட்டது. உணவகத்தில் சாப்பிட்டவருக்குக் கிடைத்த தகவல், வண்டி ஓரம் நின்று சாப்பிட்டவருக்குக் கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அட்டை மட்டும் போதுமா? போதாது. அது ஆய்வு நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். கலிபோர்னியா விதிப்படி குளிர்ந்த உணவு சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், சூடான உணவு 57 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கெட்ட வாடை வராத உணவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். எனவே உணவு ஆவி பறக்க வருகிறதா, காசு வாங்கிய கை கழுவாமல் உணவைத் தொடுகிறதா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று வாங்குபவரும் பார்க்க வேண்டும்.

ஆய்வு செய்வது அரசின் கடமை. அதன் முடிவை அறிவது மக்களின் உரிமை. முதலாவது இருந்தும் இரண்டாவது கிடைக்க மக்கள் கோபப்பட வேண்டியிருந்தது என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.