கடலைப் பாலுக்கு உறை ஊற்றிய கதை

பருப்பிலிருந்தும் தேங்காயிலிருந்தும் பாலெடுப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிய வித்தையன்று. தேங்காய்ப் பால் ஊற்றிய நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அத்தகைய பாலுக்கு உறை ஊற்றித் தயிராக்கிய பொருள் கடையிலிருந்து வரும்போது, பழவேற்காட்டு வீட்டிலும் கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளியின் வாடகை அறையிலும் ஒரே கேள்விதான் எழும்: “நொதிக்க வைத்தது என்று போட்டிருக்கிறதே, இது ஆகுமா?” மாட்டுப்பால் ஒவ்வாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது வீண் ஆராய்ச்சியன்று. அன்றாடம் விடை தேட வேண்டிய கேள்வி.

இதை வெளிநாட்டு நாகரிகம் என்று தள்ளுவோர் ஒரு வரலாற்றை மறந்துவிடுகின்றனர். பாரிஸ் அருகே ஆலை நடத்திய சீனரான லி யூயிங் 1911-ஆம் ஆண்டு வாக்கிலேயே சோயாப் பாலைப் புளிக்க வைக்கும் முறையை எழுதிவைத்தார் என்பது உண்மை. ஆனால் நம் நாட்டிலும் இம்முயற்சி பழையதே. 1940-களில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் வி. சுப்பிரமணியன் என்ற தமிழரும் அவருடன் உழைத்தவர்களும் சோயாப் பாலின் ஊட்டத்தை ஆராய்ந்தனர். பசும்பால் ஏழைக்கு எட்டாப் பொருளாயிருந்த காலம் அது. 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது அவரே அதன் முதல் இயக்குநரானார். நம் வடமாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலையை அங்கே அரைத்துப் பாலெடுத்தார்கள். அதற்கு உறை ஊற்றித் தயிரும் ஆக்கினார்கள். அடுத்து வந்த எச்.ஏ.பி. பார்ப்பியாவின் காலத்தில் கடலைப் புரதத்தை எருமைப் பாலுடன் கலந்த ‘மில்டோன்’ உருவாயிற்று.

பிறகு ஏன் அது நம் வீடுகளில் நிலைக்கவில்லை? முதல் அடி 1960-இல் இங்கிலாந்தில் விழுந்தது. கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் மடிந்தன. ஈரமான கடலையில் பூக்கும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. அதன்பின் கடலை உணவு எதையும் சோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலாது என்றாயிற்று. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி மாட்டுப்பாலையே ஊரெங்கும் பெருக்கியது. இவ்விரண்டையும்விட, பச்சைக் கடலை வாடையை நாக்கு ஏற்காததே பெரிய தடை என்பது நம் எண்ணம். பசித்தவனும் சுவை பார்த்தே உண்பான்.

அந்தத் தடையைத்தான் பாக்டீரியா நீக்குகிறது. சோயாவை அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பைச் சிதைத்து ‘ஹெக்ஸனால்’ என்ற வாடைப் பொருளை உண்டாக்குகிறது. லாக்டிக் பாக்டீரியாக்கள் அதைக் குறைக்கின்றன. வயிற்றில் வாயுவுக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளை லாக்டோபாசில்லஸ் இனங்களுள் சில உடைத்துத் தின்றுவிடும். ஆனால் எல்லா உறையும் இதற்கு உதவாது. பசும்பாலின் லாக்டோஸில் பழகிய பாக்டீரியாவுக்குத் தாவரப் பாலில் அந்த உணவு கிடைப்பதில்லை. ஆகவே தக்க இனத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். சில வேளைகளில் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். மேலும், சோயாப் புரதம் பால் புரதத்தைக் காட்டிலும் குறைந்த புளிப்பிலேயே திரிந்துவிடும். வீட்டில் முயன்றவர்களுக்குத் தயிர் மணல்மணலாக வருவது இதனால்தான். நம் இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் இக்கூட்டத்தைச் சேர்ந்த லூக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியாவே என்று 1965-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

இனி ஆகுமா என்ற கேள்விக்கு வருவோம். ‘பாக்டீரியா என்றால் ஹலால், ஈஸ்ட் என்றால் ஹராம்’ என்று சிலர் எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். அது சரியன்று. கள்ளில் ஈஸ்ட்டோடு சேர்ந்து ஸைமோமோனஸ் என்ற பாக்டீரியாவும் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. பனைமரம் நிறைந்த நம் கடற்கரையில் கலயத்தினுள் சுண்ணாம்பு தடவிப் பதநீரைக் கள்ளாகாமல் காப்பதும் இந்த உயிர்களை அடக்கத்தான். உயிரின் பெயரால் ஒன்றும் தீர்வதில்லை. அது எதை உண்டாக்குகிறது, அது போதை தருமா என்பதே அளவுகோல். நபி (ஸல்) அவர்களுக்காக ஊறவைக்கப்பட்ட நபீத் மூன்று நாளுக்கு மேல் அருந்தப்படவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி, நொதித்தலின் எல்லையை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தனர் என்பதைக் காட்டுகிறது. தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் முதன்மையாக லாக்டிக் அமிலத்தையே தருகின்றன.

நாம் கேட்க வேண்டியது வேறொன்று: அந்த உறை எதில் வளர்க்கப்பட்டது? கெட்டிப்படுத்த ஜெலட்டின் சேர்த்தார்களா? சேர்த்திருந்தால் எந்தப் பிராணியினுடையது? அட்டையில் விடை இல்லையெனில் உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்போம். ஐயம் தீராவிடில் ஆலிம்களை அணுகுவோம். கைக்குழந்தைக்கு இது தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொன்ன பாலுக்கோ மாற்றாகாது. பி12 உயிர்ச்சத்தும் போதிய சுண்ணாம்புச் சத்தும் தனியே சேர்த்தாலன்றி இதில் இரா. கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கும் வீட்டில் கடலைத் தயிரின் பக்கமே போகக்கூடாது.