1998ஆம் ஆண்டு முறிவும் இரு கடல்களும்: செயற்கைக்கோள் புயல் ஆவணத்தின் மறுவாசிப்பு

மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வானிலைச் செயற்கைக்கோள் ஆய்வுக் கூட்டு நிறுவனமும் அமெரிக்காவின் நோவா அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய உலகப் புயல் வலிமை ஆவணம், 2020இல் வெளியான ஆய்வில் 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டுகளுக்கு விரிந்தது. புதிய படங்களையும் பழைய படங்களின் தரத்துக்கு இறக்கி, 8 கி.மீ. நுணுக்கத்திலும் 3 மணி நேர இடைவெளியிலும் நிறுத்தி, மேகப் படங்களிலிருந்து புயல் வலிமையைக் கணிக்கும் மேம்படுத்திய துவோராக் முறையை எல்லாவற்றின் மீதும் ஒரே சீராகச் செலுத்தியதே அதன் வலிமை. கடும் புயல்களின் விகிதம் உலக அளவில் கூடிவருகிறது என்ற அதன் முடிவை நான் ஏற்கிறேன். அரபிக்கடலும் வங்கக் கடலும் அடங்கிய வட இந்தியப் பெருங்கடலை ஒரே வட்டாரமாகக் கொண்டு, செயற்கைக்கோளின் பார்வைக் கோணம் மாறியதால் ஆவணத்தில் விழுந்த 1998ஆம் ஆண்டு முறிவை மதிப்பிடும் வாசிப்பைத்தான் ஏற்க இயலவில்லை.

அந்த ஆண்டின் நடுவில் ஐரோப்பாவின் மீட்டியோசாட்-5 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 63 பாகைக்கு நகர்த்தப்பட்டது. அதுவரை உலகத் தொகுப்புக்கு நமது கடல்களின் படங்கள் பெரும்பாலும் இரு ஓரங்களிலிருந்தே வந்தன: மேற்கே 0 பாகையில் மீட்டியோசாட், கிழக்கே 140 பாகையில் ஜப்பானியச் செயற்கைக்கோள். 70 பாகைத் தீர்க்கரேகை இவ்விரண்டுக்கும் நட்டநடுவில் அமைகிறது. ஆகவே மிகச் சாய்வாகப் பார்க்கப்பட்ட கடற்பகுதி அரபிக்கடலே.

கணக்கிட்டால் வேறுபாடு துலங்கும். வடக்கே 15 பாகையில், 65 பாகைத் தீர்க்கரேகையில் நிற்கும் புயலை 0 பாகையிலிருந்து பார்க்கும் கோணம், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 74 பாகை. 88 பாகையில் நிற்கும் வங்கக் கடல் புயலை 140 பாகையிலிருந்து பார்க்கும் கோணமோ ஏறத்தாழ 61 பாகை. 1998க்குப் பின் முதல் புயல் மீட்டியோசாட்-5க்குக் கிட்டத்தட்டக் கீழேயே வந்துவிடுகிறது. இரண்டாவது 35 பாகைக்குள் அடங்குகிறது. முறிவு இரு கடல்களுக்கும் பொது. அதன் அளவு பொதுவல்ல.

இது வெறும் வடிவியல் வேறுபாடு அன்று. துவோராக் முறை புயலின் கண்ணுக்கும் சுற்றியுள்ள மேகச் சுவருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பியது. சாய்ந்த பார்வையில் முன்புறச் சுவர் கண்ணை மறைக்கிறது. சூடான கண் குளிர்ந்ததாகப் பதிவாகிறது. மதிப்பிடப்படும் வலிமை குறைகிறது. ஆகவே 1998க்கு முந்தைய அரபிக்கடல் புயல்கள், வங்கக் கடல் புயல்களைவிடக் கூடுதலாகக் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம். இரண்டையும் கலந்து ஒரே திருத்தம் செய்தால், புயல்கள் மிகுதியான வங்கக் கடல் அந்தத் திருத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அரபிக்கடலில் செயற்கையான ஏற்றம் எஞ்சும். அந்த எச்சத்தைக் கடல் வெப்பமடைதலின் விளைவாக வாசிக்கும் ஆபத்து மெய்யானது.

ஒற்றைப் புயலும் இங்கே கணக்கைச் சாய்க்கும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலின் மைய அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என மதிப்பிடப்பட்டது. முறிவுக்கு மறு ஆண்டே அது வந்ததால், வங்கக் கடலில் இயற்கை நிகழ்வு எது, பார்வை மாற்றத்தின் விளைவு எது என்று பிரிப்பது கடினமாகிறது. சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க புயல்களே உருவாகும் இக்கடல்களில் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

சாய்ந்த பார்வையில் மேல்மட்டக் காற்று மேகத்தலைகளைக் குளிராகக் காட்டும், அது மேற்சொன்ன குறைவை ஈடுசெய்யும் என்று சொல்லலாம். உயர்ந்த மேகங்களுக்கு மேலே நீராவி சொற்பம்; கண் தெரியும் கடும் புயலில் அந்த ஈடு போதாது. தரத்தைக் குறைப்பதால் தகவல் வீணாகிறது என்ற ஆட்சேபம் நெடுங்காலப் போக்கின் ஆய்வுக்குப் பொருந்தாது. விமானம் வழக்கமாகப் புயலுக்குள் சென்று அளக்காத நமது கடல்களில், ஒரே அளவுகோலை விட்டால் வேறு துணை இல்லை.

சான்றுக்கு வழி நம்மிடமே இருக்கிறது. 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி கிழக்கு 74 பாகையிலிருந்து, இரு கடல்களுக்கும் ஏறத்தாழ நேர் மேலே நின்று பார்த்தது. அதன் அகச்சிவப்புப் படங்களின் நுணுக்கம் சுமார் 11 கி.மீ. மட்டுமே என்பது தடையாகாது; மீட்டியோசாட்-5 படங்களையும் அதே தரத்துக்கு இறக்கி ஒப்பிடலாம். மேடிசன் கற்றுத்தந்த பாடமே அதுதான். இன்சாட் வரிசையில் மீட்கக்கூடிய பழைய படங்களை இந்திய நிறுவனங்கள் அந்த ஆவணத்தோடு இணைத்து, இரு கடல்களுக்கும் தனித்தனித் திருத்தம் காண வேண்டும். அதுவரை அரபிக்கடலில் 1998ஐத் தாண்டிச் செல்லும் எந்தப் போக்கையும் இந்த ஆவணத்தை மட்டும் கொண்டு நிறுவியதாகக் கருத இயலாது.