அர்ச்சனையில் பக்தரின் பெயர்: சங்கல்பமும் கல்வெட்டும்

கோயில் அர்ச்சனை பற்றிய விவாதம் நம்மிடையே பெரும்பாலும் மொழி விவாதமாகவே நடந்து வந்திருக்கிறது. இறைவனின் நூற்றெட்டு நாமங்கள் வடமொழியில் ஒலிப்பதா, தமிழ்ப் போற்றிகளாக ஒலிப்பதா என்பதே கேள்வி. 2021 ஆகஸ்டில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தொடங்கிய ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ திட்டமும் அதற்கான ஒரு விடைதான். கேள்வியில் குறையில்லை. ஆனால் தட்டோடு நிற்பவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது நாமாவளிக்கு அல்ல; அதற்கு முன் வரும் சங்கல்பத்துக்கு. அதில் தம் பெயர் சரியாக விழுந்ததா என்பதே அவர் கவலை. அர்ச்சனையின் கரு அந்த இடம்தான் என்றும், வேண்டுதலை ஏறத்தாழ ஓர் ஆவணமாக்குவது அதன் அமைப்பே என்றும் கருதுகிறேன்.

சங்கல்பத்தை அதன் முழு வடிவில் கேட்க ஹோமத்துக்குப் போக வேண்டும். சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், கலியுகத்தின் முதற்பாதம் எனப் பெருங்காலத்தில் தொடங்கி, அறுபதாண்டுச் சுற்றில் நடப்பு ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை என்று அன்றைய நாள்வரை இறங்கும். இடமும் அப்படியே: ஜம்புத்வீபம், பாரதவர்ஷம், பரதகண்டம், மேருவுக்குத் தென்புறம். பிறகு செய்பவரின் கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெயர். கடைசியில் நோக்கம்: ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம். எப்போது, எங்கே, யார், எதற்காக என்ற நான்கும் சொல்லி முடித்த பிறகே செயல் தொடங்கும்.

கோயில் வரிசையில் இதற்கெல்லாம் நேரம் இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அர்ச்சகர் கல்பத்தையும் மன்வந்தரத்தையும் விட்டுவிடுவார். மேரு காணாமல் போய்விடும். “பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ” என்பது மட்டும் விடுபடாது. கார்த்திகை என்று சொன்னால், “மேஷமா, ரிஷபமா?” என்றும் கேட்பார், அதன் முதல் பாதம் மேஷத்திலும் மற்ற மூன்றும் ரிஷபத்திலும் விழுவதால். ஏழெட்டுக் குடும்பங்களின் பெயர்களை ஒருமுறை கேட்டு மனத்தில் இருத்தி, வரிசை மாறாமல் கருவறைக்குள் ஒப்பிப்பது தனித்திறன்தான். ரேவதியை ரோகிணி என்று மாற்றிவிட்டால் நிலைப்படிக்கு வெளியிலிருந்தே திருத்தம் வரும். ஒரு சடங்கைச் சுருக்கும்போது எது மிஞ்சுகிறதோ அதுவே அதன் உயிர் என்று கொள்ளலாம்.

எப்போது, எங்கே, யார், எதற்காக என்ற இதே அடுக்கைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம். மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, வளநாடு, நாடு, ஊர், கொடையாளி பெயர், கொடை, நோக்கம். நுந்தா விளக்கு ஒன்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ 96. நாளொன்றுக்கு உழக்கு நெய். காலம், சந்திராதித்தர் உள்ளவரை. வேட்டையில் தவறி அம்பெய்து ஒருவனைக் கொன்றவன், இறந்தவனுக்காக விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்திகளும் உண்டு. கொலையுண்டவன் பெயர் இன்றும் கல்லில் இருக்கிறது. வேண்டுதலின் பயன் வேண்டுபவருக்கே சேர வேண்டியதில்லை. யாருக்கு என்று பெயர் சொல்லிக் குறித்தால் போதும். தேர்வு எழுதும் பேத்திக்காக அர்ச்சனைத் தட்டு நீட்டும் பாட்டியும் இதே இலக்கணத்துக்குள்தான் நிற்கிறாள்.

ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. கல்வெட்டு கொடையாளியின் ஊரைச் சொல்லும். சங்கல்பம் அவர் குடியிருக்கும் ஊரைக் கேட்பதில்லை. கோத்திரமும் நட்சத்திரமும் பிறப்பைக் குறிக்கும் முகவரிகள். வீடு மாறினாலும் இவை மாறா. கோத்திரம் தெரியாதவருக்குச் சிவன் கோயிலில் ‘சிவகோத்திரம்’ என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்ற எழுத்தரின் பிடிவாதம் அதில் தெரிகிறது.

இதற்கு எதிர்வாதம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை; சைவத்துக்குள்ளேயே இருக்கிறது. கோயில் பூசை பரார்த்தம், உலக நன்மைக்கானது. தனக்கென்று செய்வது ஆத்மார்த்தம், அதன் இடம் வீடு. எனில் தனிமனிதர் பெயரைக் கருவறைக்குள் கொண்டுபோவது எப்படிப் பொருந்தும்? மேலும், நமக்கு வேண்டியதை அறிந்தவனிடம் கேட்கத் தேவையில்லை என்பது திருவாசகக் ‘குழைத்த பத்’தின் நிலை. முதல் தடைக்கு விடை எளிது: பொதுப் பூசையின் ஓரத்தில் தன் பெயரை இணைத்துக்கொள்வதை விளக்குக்கொடையும் கட்டளையும் நெடுங்காலமாக அனுமதித்தே வந்திருக்கின்றன. இரண்டாவது கடினமானது. அதற்கு வரிசையில் நிற்பவர்களே ஒரு விடை கண்டிருக்கிறார்கள். பெயர் கேட்டால், “சுவாமி பேருக்கே பண்ணிடுங்க” என்பார்கள். சிலர் அடக்கத்தால் சொல்வது. பலர், வீட்டில் அத்தனை பேர் நட்சத்திரமும் நினைவில்லாததால் சொல்வது. எதுவானாலும், கேட்பவர் தன்னை விலக்கிக்கொண்ட பிறகும் பெயருக்கான இடம் நிற்கிறது. அதில் இறைவனே வந்து அமர்கிறார்: வேண்டப்படுபவரும் அவரே, வேண்டுதலின் பயனாளியும் அவரே. தருக்கப்படி இது பொருளற்ற வாக்கியம். நடைமுறையில் எந்த அர்ச்சகரும் இதற்குத் தயங்கியதாக நான் பார்த்ததில்லை.

இடத்தின் கணக்கும் கவனிக்கத்தக்கது. வட அமெரிக்காவில் பூசை செய்யும் அர்ச்சகர்கள் சிலர் ஜம்புத்வீபத்தை விட்டுக் கிரௌஞ்சத்வீபம் என்று மாற்றிச் சொல்கிறார்கள். அங்கே வசிக்கும் மகனுக்காக மயிலாப்பூரில் தாய் சங்கல்பம் செய்துகொண்டால் பரதகண்டம் மாறுவதில்லை. சங்கல்பம் குறிக்கும் இடம் செயல் நடக்கும் இடம், பயனாளி இருக்கும் இடமன்று. மகனிடமிருந்து அவள் கொண்டு வர வேண்டியது பெயரும் நட்சத்திரமும் மட்டுமே.