குச்சிக்கு மரம், காலுக்குக் கல்

பரதநாட்டிய வகுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. ஆறு வருஷமாக தில்லியில் பெண்ணை வகுப்புக்குக் கொண்டுவிட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. டீச்சர் தட்டுக்கழியால் தாளம் போடுவது தட்டுமனையில், அதாவது மரக்கட்டையில். எதிரே தட்டடவு போடும் குழந்தையின் வெறுங்கால் விழுவது மொசைக் தரையில். பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்து, "கொஞ்ச நாள் டான்ஸை நிறுத்துங்கள், அல்லது தரையை மாற்றுங்கள்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது. அரங்கேற்றத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

வாடகை வீட்டில் தரையை மாற்றுவதாவது! இருக்கிற தரை மேலேயே மரத்தில் இன்னொரு தரை போட்டுவிடலாம் என்று மிஸ்திரியைக் கூப்பிட்டேன். "தக்த் வேணுமா சாப்?" என்றார். இங்கே பலகைக் கட்டிலும் தக்த், அரியணையும் தக்த். 1739-இல் நாதிர் ஷா தூக்கிப்போன மயிலாசனத்துக்குப் பேர் தக்த்-ஏ-தாவூஸ். நான் கேட்டது பத்தடிக்கு எட்டடிதான். ஆனால் மிதித்தால் லேசாக அமுங்கி எழும்ப வேண்டும் என்றதும் விழித்தார்.

அப்படி ஒரு தரை இதே ஊரில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அசோக் மண்டபத்தில் ஈரானிய ஓவியம் தீட்டிய விதானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 2024 ஜூலை வரை அசோக் ஹால் என்று பெயர். விஷயம் காலடியில் இருக்கிறது. லட்யன்ஸ் கட்டிய அந்த மாளிகையில் இது வைஸ்ராயின் நடனக்கூடம். தரை மரம், அதன் அடியில் ஸ்பிரிங்குகள். பூட்ஸ் போட்டு வழுக்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு அத்தனை உபசாரம்!

இர்வின் பிரபு அந்த மாளிகையில் குடியேறியது 1931-இல். அதே வருஷம் சென்னை மியூசிக் அகாடமி கல்யாணியின் பெண்கள் இருவரை ஆடவைத்தது. கோயில் கல்தரையிலும் சமஸ்தானங்களிலும் பெரியவீட்டுக் கல்யாணங்களிலும் ஆடிய சதிர், சபா மேடைக்கு வந்த காலம். 1935-இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. பெயர் மாறியது, உடை மாறியது, ஆடுகிறவர்கள் யார் என்பதும் மாறியது. அதைப் பற்றியெல்லாம் எவ்வளவோ சண்டை போட்டு எழுதியிருக்கிறார்கள். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று பேசினவர்கள் குறைவு. மேடையில் பல இடங்களில் பலகை கிடைத்திருக்கும், ஆனால் அது கச்சேரி நாளுக்கு. முழங்கால் தேய்வது தினசரிப் பயிற்சியில். அது நடப்பது சிமெண்டிலும் மொசைக்கிலும். வைஸ்ராய் விருந்தாளிகளைப் போல அல்ல, நம் குழந்தைகள் தரையை அறைகிறார்கள்.

ஸ்பிரிங்குக்கு நான் எங்கே போக? ரப்பர் துண்டுகள் போதும். கீழே ஒரு வரிசைச் சட்டம், அதன் அடியில் இடைவெளிவிட்டு ரப்பர். மேலே குறுக்காக இன்னொரு வரிசை. மேல்சட்டம் ரப்பருக்கு நேர்மேலே உட்காரக் கூடாது. இரண்டு ரப்பருக்கு நடுவில் உட்கார வேண்டும். அப்போதுதான் மிதிக்கும்போது கீழ்ச்சட்டம் வளைந்து கொடுக்கும். அதற்கு மேல் பிளைவுட். வீட்டுக்காரர் தரையில் ஓர் ஆணிகூட இறங்கவில்லை. மிஸ்திரி தன் கணக்குப்படி ரப்பருக்கு மேலேயே சட்டத்தை வைத்துவிட்டார். ஏறி நின்றால் பாறை மாதிரி இருந்தது. "கெட்டியா இருக்கே சாப்" என்று அவருக்குப் பெருமை வேறு. பிரித்து மறுபடி போட்டோம்.

வலி குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்ன ஓய்வும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது அரைமணி நேரம் ஆடுகிறாள். சத்தம்தான் மத்தளம் மாதிரி கேட்கிறது. கீழ்வீட்டு ஆண்ட்டி இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். மே மாத வெயிலில் போட்டது, ஆகஸ்ட் ஈரத்தில் உப்பி ஒரு பக்கம் சுவரைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் அரை அங்குலம் விடச்சொல்லத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிஸ்திரி இழைப்புளியோடு வருகிறார்.