ஒன்பது மாதக் காத்திருப்பு: ஒரு துயர நாவல் திரைக்குச் சென்ற வரலாறு

நெஞ்சை உலுக்கிய ஒரு நாவல் திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வரும்போது, வாசகனிடத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. தான் தனிமையில் படித்து அழுத கதையை இனி ஊரே காணப் போகிறது என்பது மகிழ்ச்சி. அக்கதையின் துயரத்தைத் திரைக்காரர்கள் மழுப்பிவிடுவார்களோ என்பது அச்சம். எழுத்தாளனுக்குத் தாளும் மையும் போதும். திரைப்படமோ பெரும் பொருட்செலவில் உருவாவது. போட்ட முதல் திரும்ப வேண்டுமாயின் மக்கள் திரண்டு வரவேண்டும். அழுகையை மட்டுமே காட்டினால் மக்கள் வருவார்களா என்னும் கவலை தயாரிப்பாளரை விட்டு அகலுவதில்லை. ஆகவேதான், துயர முடிவுடைய நாவல்கள் திரைக்குச் செல்லும்போதெல்லாம் இந்த அச்சமும் உடன் எழுகிறது.

இவ்வச்சம் எந்த அளவுக்கு நியாயமானது? இதற்கு வரலாற்றில் விடை தேடுவோர்க்கு, அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் இயற்றிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நல்லதொரு சான்றாகும். 'சினத்தின் திராட்சைகள்' என்று பொருள்படும் பெயருடைய இந்நாவல் 1939 ஏப்ரல் 14ஆம் நாள் வெளிவந்தது. அதன் திரைவடிவம் 1940 ஜனவரி 24ஆம் நாள் நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. இடைப்பட்ட காலம் ஒன்பது மாதமும் பத்து நாளும். அக்குறுகிய காலத்தில் அந்நாட்டார் என்ன எதிர்பார்த்தனர், இறுதியில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவல் பிறந்த சூழல்

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் மழை பொய்த்தது. உழுது உழுது மேல்மண் இளகிய நிலங்களைக் காற்று வாரிச் சென்றது. பகலிலும் விளக்கேற்ற வேண்டிய அளவுக்குப் புழுதிப் புயல்கள் வீசின. குத்தகைக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிய நிலவுடைமையாளர்களும் வங்கிகளும், பல குடும்பங்கள் உழுத இடத்தை ஒற்றை டிராக்டரால் உழச் செய்தனர். நிலமிழந்தவர்கள் பழைய மோட்டார் வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர். ஓக்லஹோமா, டெக்சாஸ், அர்க்கன்சா, மிசௌரி ஆகிய மாநிலங்களிலிருந்து அப்பத்தாண்டில் அங்கே சென்றோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். வேலை உண்டு என்று துண்டு விளம்பரங்கள் அழைத்தன. போய்ச் சேர்ந்தபோதோ ஒரு வேலைக்குப் பத்துப் பேர் நின்றனர், கூலி சரிந்தது.

ஸ்டைன்பெக் இதனைத் தொலைவிலிருந்து கேட்டறிந்து எழுதியவர் அல்லர். 1936இல் 'சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழுக்காக இம்மக்களின் குடிசைப் பகுதிகளை நேரில் கண்டு, 7 கட்டுரைகள் எழுதினார். 1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைசாலியா வட்டாரத்தில் வெள்ளம் சூழ்ந்து, கூடாரங்களில் மக்கள் பட்டினி கிடந்ததையும் பார்த்தார். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் நாவலை எழுதி முடித்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துதல் அசைவு. துய்க்க ஏதுமின்றி இருத்தல் வறுமை. இந்நான்கும் ஸ்டைன்பெக்கின் நாவலில் நிறைந்துள்ளன. சொந்த நாட்டிலேயே 'ஓக்கி' என்று இழித்துரைக்கப்படுகின்றனர் ஜோடு குடும்பத்தினர். பாட்டனார் வழியிலே இறக்கிறார். பாலைவனத்தைக் கடக்கும்போது பாட்டியும் இறக்கிறாள். மூத்த மகன் பிரிந்து போகிறான்; மருமகன் கருவுற்ற மனைவியை விட்டு ஓடிவிடுகிறான். உடன்வந்த கேஸி அடித்துக் கொல்லப்படுகிறான். மகள் ரோஸ் ஆஃப் ஷாரனுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி ஒரு களஞ்சியத்தில் ஒதுங்கும் அவள், அங்கே பசியால் உயிர்போகும் நிலையில் கிடக்கும் முகமறியாத மனிதனுக்குத் தன் முலைப்பாலை ஊட்டுகிறாள். நாவல் அத்துடன் முடிகிறது. அவர்கள் பிழைத்தார்களா என்பதை ஆசிரியர் கூறவில்லை.

காத்திருந்த மாதங்கள்

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான நாவல் இதுவே. திரையாக்கும் உரிமையை ட்வெண்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் விரைவிலேயே வாங்கிற்று. அதன் தயாரிப்புத் தலைவர் டாரில் சானக் 75,000 டாலர் கொடுத்தார் என்பர். அந்நாளில் அது பெருந்தொகை. ஆயினும் வாசகர் ஐயம் தீரவில்லை. வங்கிகளின் கடனில் இயங்கும் படத்தொழில், வங்கிகளைக் குற்றஞ்சாட்டும் நூலை உள்ளவாறே படமாக்குமா? நூலை முடக்கிப் போடவே உரிமை வாங்கப்பட்டதோ? இத்தகைய பேச்சுகள் பரவின.

எதிர்ப்பாளர்களுக்கோ வேறு கவலை. கதையின் ஒரு பகுதி நிகழும் கெர்ன் மாவட்டத்தின் ஆட்சிக்குழு, 1939 ஆகஸ்டில் இந்நூலைத் தன் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தது. ஆதரவு 4 வாக்கு, எதிர்ப்பு 1. படத்தை எடுத்து முடிக்க வேண்டாம் என்றும் அதே தீர்மானம் நிறுவனத்தை வேண்டிக்கொண்டது. அம்மாவட்டத்தின் தலைமை நூலகரோ தடை கூடாதென வாதாடினார். 1941 ஜனவரியில்தான் தடை நீங்கிற்று. ஒரே படத்தை ஒரு சாரார் 'உண்மை மறைக்கப்படுமோ' என்று அஞ்சி எதிர்நோக்க, மற்றொரு சாரார் 'உண்மை வெளிப்பட்டுவிடுமோ' என்று அஞ்சி எதிர்நோக்கினர் என்பது இங்கே கருதத்தக்கது.

நாவலில் உள்ளவை மெய்தானா என்று அறிய, சானக் தனிப்பட்ட துப்பறிவோரை அனுப்பியதாகவும், நிலைமை நூலில் உள்ளதைவிடக் கொடியது என்று அவர்கள் வந்து கூறியதாகவும் சொல்லப்படுகிறது. இயக்கும் பொறுப்பு ஜான் ஃபோர்டிடமும், திரைக்கதை எழுதும் பொறுப்பு நன்னலி ஜான்சனிடமும் ஒப்படைக்கப்பட்டன. அரசினர் முகாம் ஒன்றை நடத்திய டாம் காலின்ஸ் ஆலோசகராக அமர்த்தப்பெற்றார். நாவலின் காணிக்கைப் பக்கத்தில் இடம்பெற்ற இருவருள் ஒருவர் இவர். வெளிப்புறப் படப்பிடிப்பின்போது எதிர்ப்பு எழாதிருக்கும் பொருட்டுப் படத்துக்கு 'ஹைவே 66' என்னும் பொய்ப்பெயர் சூட்டப்பட்டது.

திரையில் கண்டது

1939 டிசம்பரில் ஸ்டைன்பெக் படத்தைப் பார்த்தார். நிறைவுடன் திரும்பினார். விளக்கவுரைகள் நீங்கிவிட்டதால் படம் நூலைக் காட்டிலும் கடுமையாக இருக்கிறது என்னும் கருத்துப்படத் தம் இலக்கிய முகவருக்குக் கடிதமும் எழுதினார். ஆசிரியரே அஞ்சிய இடத்தில் அவருக்குக் கிடைத்தது வியப்பு.

அவர் கூற்றில் உண்மை உண்டு. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு, இருள் சூழ்ந்த பாழ்வீட்டில் ஒற்றை மெழுகுவத்தியின் ஒளியில் முகங்களைக் காட்டுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன், தாய் தன் பழைய பெட்டியைத் திறந்து, நினைவுப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். இளமையில் அணிந்த காதணியைச் செவியருகே பிடித்துக் கண்ணாடியில் நோக்குகிறாள். பேச்சு ஒன்றும் இல்லை. தொல்காப்பியர் கூறும் அசைவு என்பதனை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த காட்சி கிடைப்பது அரிது. அத்தாயாக நடித்த ஜேன் டார்வெலும் இயக்குநர் ஃபோர்டும் ஆஸ்கார் விருது பெற்றனர். நாவலுக்கு 1940இல் புலிட்சர் பரிசு வழங்கப்பெற்றது. ஸ்டைன்பெக் 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

இடம் மாறிய நிகழ்ச்சிகள்

அவ்வாறாயின் வாசகரின் அச்சம் வீண்தானா? அன்று. படத்தின் முடிவைக் கூர்ந்து நோக்கினால் அது விளங்கும். இறந்து பிறந்த குழந்தையும் வெள்ளமும் களஞ்சியமும் படத்தில் இல்லை. அந்நாளைய திரைத் தணிக்கை விதிகளின்கீழ் அந்த இறுதிக் காட்சி இடம்பெற்றிருக்கவும் இயலாது. ஆனால், விடுபட்டதைக் காட்டிலும் வரிசை மாறியதே முதன்மையானது.

நாவலில் அக்குடும்பம் முதலில் அரசினர் முகாமை அடைகிறது. அங்கே நல்ல நீர் உண்டு, மதிப்பு உண்டு, வேலை இல்லை. எனவே அதைவிட்டுப் பீச் தோட்டத்துக்குச் செல்கிறது, கேஸி கொல்லப்படுகிறான், அதன்பின் வீழ்ச்சிமேல் வீழ்ச்சி. படத்திலோ தோட்டமும் கொலையும் முன்னர் வருகின்றன. தூய்மையான முகாம் பின்னர் வருகிறது. நாவலின் நடுவில், 20ஆம் அத்தியாயத்தில், தம்மைப் போன்ற மக்கள் அழியமாட்டார்கள் என்று தாய் மகனுக்குக் கூறும் ஆறுதல் மொழி, படத்தின் இறுதி உரையாக வைக்கப்பட்டுள்ளது. மகன் டாம் பிரிந்து செல்வதோடு படத்தை முடிக்க ஃபோர்டு எண்ணியதாகவும், தாயின் பேச்சை இறுதியில் சேர்த்தவர் சானக் என்றும் திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர்.

இங்கே பொய்யான நிகழ்ச்சி ஒன்றும் புனையப்படவில்லை. காட்சிகளும் சொற்களும் பெரும்பாலும் ஸ்டைன்பெக்குடையவையே. அவற்றை இடம் மாற்றியதாலேயே இறங்குமுகமாக இருந்த கதை ஏறுமுகமாகிவிட்டது. இளிவையும் அசைவையும் வறுமையையும் அஞ்சாது காட்டிய படம், இழவை மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டது எனலாம். தாயின் உறுதிமொழியைக் கேட்டுத் தெம்புடன் கொட்டகையை விட்டு மக்கள் வெளியேறிய 1940ஆம் ஆண்டிலும் அம்முகாம்கள் நிறைந்தே இருந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் அவற்றைச் சுற்றிப் பார்த்த குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூசவெல்ட், நாவலில் மிகையில்லை என்றே கூறினார். அம்மக்களுக்குப் பரவலாக வேலை கிடைத்தது, உலகப்போர்த் தொழிற்சாலைகள் பெருகிய பின்னரே.

இதனால் அப்படத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. நாவலைத் தொட்டும் பார்த்திராத எண்ணற்றோர்க்கு இத்துயரத்தை எட்டச் செய்தது அதுவே. ஆறுதலுக்காக அவர்கள் கொடுத்த விலை எது என்பதை அறிந்துகொள்வதே நமக்கு வேண்டுவது.

தமிழில் ஒரு சான்று

ஆறுதல் இல்லாமலும் துயர நாவல்கள் திரைக்கு வந்ததுண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். கங்காணியின் இன்சொல்லுக்கும் முன்பணத்துக்கும் மயங்கி மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் கதை அது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என அது 2007இல் தமிழுக்கு வந்தது. அதனைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த 'பரதேசி' 2013இல் வெளியாயிற்று. நாயகனின் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு ஆள்களாக வந்து சேர, அவன் கதறுவதோடு அப்படம் முடிகிறது. தோட்டத்து வரலாற்றில் வேர்கொண்ட நம் வாசகர்க்கு அம்முடிவின் கனத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை. துயரத்தைக் குறைத்தால்தான் திரையேற முடியும் என்பது விதியன்று. அது ஒவ்வொரு கலைஞனும் செய்துகொள்ளும் தேர்வு.

வகுப்பறைக்குச் செல்வோம்

பாடநூலாக உள்ள நாவல் படமாகிறது என்றதும் மாணவர் பலர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். 'படம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்பது அவர்களின் எண்ணம். ஆசிரியர் அந்தக் காத்திருப்புக் காலத்தை வீணாக்கலாகாது. படம் வருமுன் நாவலை முழுமையாகப் படிக்கச் செய்து, நிகழ்ச்சிகளை வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். படம் வந்த பின் அந்தப் பட்டியலைக் கையில் கொண்டு, எது விடுபட்டது, எது முன்பின்னாயிற்று, இறுதிச் சொல் யாருடையது, அந்த மாற்றத்தால் யாருடைய துன்பம் கண்ணுக்கு மறைந்தது என்று வினவச் செய்யலாம். 'படம் நன்றா, நூல் நன்றா' என்னும் பழைய பட்டிமன்றத்தைவிட இது பயன் மிக்கது.

1939இல் நூலைப் படித்துவிட்டு, 1940இல் கொட்டகைக்குச் சென்ற வாசகன், திரை இருண்டபோது அந்தக் களஞ்சியத்தை நினைத்திருப்பான். படத்தில் இல்லாத அப்பெண்ணையும் பசித்த அம்மனிதனையும் அவன் ஒருவனே உடன் கொண்டு வீடு திரும்பியிருப்பான். நம் மாணவரும் அவ்வாறு திரும்ப வேண்டும். அதற்கு அவர்கள் முதலில் நூலைப் படித்திருக்க வேண்டும்.