புழுங்கலரிசியும் உயிரிரசாயனமும்

வன்னி நாடு குளங்களால் வாழும் நாடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டில் தொடங்கி 1920 இல் நிறைவெய்திய இரணைமடுக் குளம் கிளிநொச்சி வயல்களுக்கு நீரூட்டுகின்றது. அங்கு விளையும் நெல்லை அவித்துப் புழுங்கலரிசியாக்கி உண்ணுதல் எம்மவர் வழக்கு. அவ்வழக்கின் பொருளை இரசாயன நூலார் உணர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அரிசியிற் பெரும்பகுதி மாப்பொருள். காபன், ஐதரசன், ஒட்சிசன் என்னும் மூலகங்களாலான குளுக்கோசு அலகுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டதே அது. 1811 இல் உருசியாவில் கிர்க்கோவ் என்பார் மாப்பொருளை ஐதான கந்தக அமிலத்துடன் காய்ச்சி இனிய பாகு பெற்றார். 1833 இல் பிரான்சு நாட்டுப் பயானும் பெர்சோவும், அமிலமின்றியே அதனை வெல்லமாக்கும் நொதியத்தை முளைத்த வாற்கோதுமையிலிருந்து பிரித்தனர். சோற்றை நெடுநேரம் மெல்லுங்கால் நாவில் இனிப்புத் தோன்றுதலும் உமிழ்நீரிலுள்ள இத்தகைய நொதியத்தின் செயலே. 1838 இல் முல்டர் என்பார் நைதரசன் பொருந்திய உணவுக்கூறொன்றுக்குப் 'புரோட்டீன்' எனப் பெயர் வழங்கினார்; அதனை நாம் புரதம் என்கின்றோம். மாப்பொருள், புரதம், கொழுப்பு, உப்பு, நீர் ஆகிய இவையே உணவு முழுவதும் என அக்காலத்து அறிஞர் பலர் கருதினர்.

அக்கருத்தைக் கலைத்தது தவிடு. 1890 களில் யாவாத் தீவில் ஐக்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் சோர்ந்து விழுதலையும், தவிடு நீங்கா அரிசியால் அவை தேறுதலையும் கண்டார். மலாயாவில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். 1905 இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையொன்றில் பிளெச்சர் என்பார் இரு பிரிவினர்க்கு இவ்விருவகை அரிசியையும் வேறுவேறாக அளித்து, நோய் வெள்ளையரிசியின் பக்கமே நிற்றலைக் காட்டினார். 1926 இல் யான்சனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து அந்நோய் தீர்க்கும் பொருளைப் பளிங்காகப் பிரித்தனர். அதுவே தயமின் என்னும் விற்றமின் பி1. 1936 இல் வில்லியம்சு அதன் கட்டமைப்பை நிறுவினார்.

தயமின் நீரிற் கரைவது. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் அது தவிட்டிலிருந்து அரிசியின் உட்புறம் புகும். பின்னர்த் தீட்டினும் நல்ல பங்கு எஞ்சும். எம் மூதாட்டியர் அப்பெயரை அறியாமலே அதன் பயனைக் காத்துத் தந்தனர்.

இன்று ஆலையில் வெண்மையாகத் தீட்டிய பச்சையரிசியையே சிறப்பென மதிப்பார் பலர். வடித்த கஞ்சியையும் கொட்டிவிடின் எஞ்சிய தயமினும் அதனோடு போகும். ஆதலின் மாணவர், மூலக்கூறுகளின் பெயர்களை மனனஞ் செய்வதோடு அமையாது, தம் வீட்டுச் சோற்றுப் பானையையும் ஒருமுறை நோக்குவாராக.