செத்த காலேஜ்

எங்கள் ஆயா எழும்பூர் மியூசியத்தை ஒருநாளும் மியூசியம் என்று சொன்னதில்லை. 'செத்த காலேஜு' என்பார். சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜு'. படிப்பே இல்லாத இடம் எப்படி ஆயா காலேஜ் ஆகும் என்று கேட்டால், "அப்பிடித்தான் சொல்லுவாங்க, வாய மூடிக்கினு வா" என்பதுதான் பதில்.

ஆயா சொன்னதில் தப்பில்லை. 1851-ல் அந்த மியூசியம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் தமிழும் தெலுங்கும் படித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். 1854-ல் எழும்பூருக்கு இடம் மாறியபோது காலேஜ் என்ற பேரையும் ஜனங்கள் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் போலும்.

வந்து சேர்ந்த தோட்டத்துக்கு அதற்கு முன்பே ஒரு ஜன்மம் உண்டு. ஹால் பிளமர் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரிடம் 1778-ல் போன 43 ஏக்கர் நிலம் அது. 1793-ல் 24 பேர் கொண்ட கமிட்டியின் கைக்கு வந்தது. அந்த இடத்துக்குப் பாந்தியன் என்று பேர். விருந்து, நாடகம், நடனம் என்று ராத்திரியெல்லாம் விளக்கெரியும். எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. நம் ஆட்களுக்கு அங்கே வண்டியோட்டும் வேலையோ பந்தம் பிடிக்கும் வேலையோதான் கிடைத்திருக்கும். 1821-ல் மூரட் என்ற ஆர்மீனிய வியாபாரிக்கு விற்றார்கள். 1830-ல் சர்க்கார் அதையே 28,000 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

ஊர் ஜனங்களுக்கு அந்த வாசல் திறந்ததில் மியூசியத்தின் பொறுப்பிலிருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபருக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லையும் சிப்பியையும் பார்க்க யார் மெனக்கெட்டு வருவார்கள்? மனுஷன் சூட்சுமம் தெரிந்தவர். 1855-ல் ஆற்காட்டு நவாபிடம் கேட்டு அவர் வளர்த்த விலங்குகளை வாங்கிவந்து தோட்டத்திலேயே வைத்தார். கூட்டம் அம்மியது. சில வருஷங்களில் விலங்குகள் சென்ட்ரல் பக்கமிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-ல் அங்கிருந்து வண்டலூருக்கு. உயிருள்ளவை இரண்டு முறை வீடு மாறிவிட்டன. செத்தவை மட்டும் அதே இடத்தில்.

ஆயா கட்டடத்துக்குள் வந்ததே கிடையாது. பீரங்கிகளைத் தாண்டி ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றிப்போட்டு, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை நீட்டிவிடுவார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க." நாங்கள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் எங்கள் புளிச்சோறு பாதி காலியாகியிருக்கும், வாளி மூடியில் யார் வீட்டு எலுமிச்சை சாதமோ இருக்கும். பக்கத்தில் திருத்தணியிலிருந்து வந்த ஒரு குடும்பம், அவர்கள் பிள்ளைக்குட்டிகள், ஆயா மடியில் அவர்களுடைய கைக்குழந்தை. அந்த அம்மாவின் நாத்தனார் சண்டை வரைக்கும் ஆயாவுக்குத் தெரிந்திருக்கும்.

"திமிங்கலம் கீதா?" என்று எங்களிடம் ஒரு பேச்சுக்குக் கேட்பார்.

"இருக்கு ஆயா."

"எங்க போவப் போவுது," என்று குழந்தையைத் தோள் மாற்றிக்கொள்வார்.